ஹண்ட்ரட் என்றொரு கூட்டம்: பக்கிங்ஹாம்ஷயரை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயர் என்ற கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், இருக்கும் மில்டன் கீன்ஸ் 1967-இல் அரசு திட்டமிட்டுத் தொடங்கிய புதுநகரம். கட்டம் கட்டமாகச் சாலைகள், கண்ணாடிக் கட்டடங்கள், பெரிய கடைவீதி. நகரின் மையத்தில் நூலகம் இருக்கிறது. அதன் பின்பக்கம் போனால் புல் மூடிய மண்மேடு ஒன்றைப் பார்க்கலாம். பெரிய உயரமெல்லாம் இல்லை. சின்னப் பிள்ளை ஒரே ஓட்டத்தில் ஏறி இறங்கிவிடும். செக்லோ மேடு என்று பெயர். பக்கத்துச் சாலை ஒன்றும் அந்தப் பெயரைச் சுமக்கிறது.

1977-78-இல் தொல்லியலாளர்கள் இதைத் தோண்டிப் பார்த்தார்கள். பழைய மண்மேடு என்றால் அடியில் யாரையாவது புதைத்திருப்பார்கள் என்றுதான் முதலில் தோன்றும். இங்கே அடக்கம் எதுவும் கிடைக்கவில்லை. சுற்றிலும் ஒரு பள்ளம், நடுவில் குவித்த மண், அவ்வளவுதான். ஆட்கள் கூடுவதற்கென்றே எழுப்பிய மேடு என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் நான்கு வாரத்துக்கு ஒருமுறை இங்கே வந்து நின்றார்கள். திருட்டு வழக்கு, மாட்டு வழக்கு, வரிக்கணக்கு எல்லாம் வெட்டவெளியில் பேசித் தீர்ந்தன. அந்தக் கூட்டத்துக்கும், அது கட்டுப்படுத்திய நிலப்பரப்புக்கும் ஒரே பெயர்: ஹண்ட்ரட். நூறு என்றே பொருள்.

இடைக்கால இங்கிலாந்தில் கவுண்டிக்குக் கீழே, ஊருக்கு மேலே இருந்த நிர்வாகப் பிரிவு இது. வரைபடத்தில் கோடு போட்டு இது இன்ன பிரிவு என்று காட்டுவது எளிது. ஆனால் வரைபடத்தை மட்டும் பார்த்தால் ஹண்ட்ரட்டின் கதை புரியாது என்பது என் கருத்து. அது முதலில் ஒரு கூட்டம், அப்புறம்தான் நிலம். கூட்டத்துக்கு இரண்டு பக்கம் உண்டு: பேசித் தீர்மானிக்கும் உரிமை, தவறு நடந்தால் சேர்ந்து பதில் சொல்லும் பொறுப்பு. பக்கிங்ஹாம்ஷயரின் வரலாற்றை நூற்றாண்டு நூற்றாண்டாகப் பார்த்துக்கொண்டு போனால், உரிமை மெல்ல மெல்லக் கைநழுவுவதும், பொறுப்பு மட்டும் மக்களின் தலையில் இன்னும் பல நூறு ஆண்டுகள் தங்கிவிடுவதும் தெரிகிறது. இந்த ஆய்வு அதைத்தான் பின்தொடர்கிறது.

பெயர்களில் இருந்து தொடங்கலாம்

1086-இல் வில்லியம் அரசன் எடுத்த டூம்ஸ்டே கணக்கெடுப்பில் பக்கிங்ஹாம்ஷயருக்கு 18 ஹண்ட்ரட்கள். ஸ்டோன், ஏல்ஸ்பரி, ரிஸ்பரோ, ஸ்டோக், பர்னம், டெஸ்பரோ, இக்ஸ்ஹில், ஆஷெண்டன், வாட்ஸ்டன், காட்ஸ்லோ, யார்ட்லி, மர்ஸ்லி, ஸ்டோட்ஃபோல்ட், ரோலி, லமுவா, செக்லோ, பன்ஸ்டி, மவுல்ஸோ.

இவற்றில் சில ஊர்ப் பெயர்கள். மற்றவை வெட்டவெளியில் இருந்த அடையாளங்கள். செக்லோ, காட்ஸ்லோ இரண்டிலும் வரும் ‘லோ’ என்ற ஈறு பழைய ஆங்கிலத்தில் மேட்டைக் குறிக்கும் சொல். ஸ்டோட்ஃபோல்ட் குதிரைப் பட்டி. ஆஷெண்டன் ஆஷ் மரங்கள் நின்ற குன்று. ஸ்டோன் என்றால் கல். இங்கிலாந்து முழுக்க இதே கதைதான். லண்டனை ஒட்டிய மிடில்செக்ஸில் ஒரு ஹண்ட்ரட்டின் பெயர் ஸ்பெல்தார்ன். பேச்சு நடக்கும் முள்மரம் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். எல்லோருக்கும் தெரிந்த கல், மரம், மேடு, ஆற்றுத்துறை ஆகியவற்றைச் சொல்லி “அங்கே வந்துவிடு” என்றால் போதும். கட்டடம் தேவைப்படவில்லை, முகவரியும் தேவைப்படவில்லை. நிர்வாகப் பிரிவுக்குத் தலைநகரின் பெயரை வைக்காமல் கூடும் இடத்தின் பெயரை வைத்ததிலேயே அந்த மக்கள் அதை எப்படிப் பார்த்தார்கள் என்பது வெளிப்படுகிறது.

நூறு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? நிலத்தை அவர்கள் ‘ஹைடு’ என்ற அலகில் கணக்கிட்டார்கள். ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான நிலம் ஒரு ஹைடு. பிற்காலத்தில் 120 ஏக்கர் என்று வாய்ப்பாடு ஆக்கினார்கள், ஆனால் உண்மையில் அது அளவு நாடா பிடித்து அளந்த பரப்பு அல்ல, வரி போட உதவும் மதிப்பு. பெயரளவில் 100 ஹைடு சேர்ந்தது ஒரு ஹண்ட்ரட். நடைமுறையில் கூடும், குறையும். பக்கிங்ஹாம்ஷயரின் டூம்ஸ்டே பக்கங்களைப் பார்த்தால் ஊருக்கு 5 ஹைடு, 10 ஹைடு என்று முழு எண்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. மண் அப்படிச் சரிசமமாக விளையாது. மேலிருந்து வந்த தொகையை ஊர்களுக்குப் பங்கு பிரித்த சுவடு அது.

மணி, பட்டை, கொம்பு

10-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹண்ட்ரட் எப்படி நடக்க வேண்டும் என்று விதிகள் எழுதிவைத்தார்கள். எட்கர் மன்னனின் காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் அந்த ஆணை மிகச் சிறியது. ஆனால் படிக்கப் படிக்க அந்தக் கூட்டம் கண்முன் வருகிறது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். ஒவ்வொருவரும் மற்றவருக்கு நியாயம் செய்ய வேண்டும். திருடன் போனான் என்று தெரிந்தால் தாமதிக்காமல் எல்லோரும் பின்னால் போக வேண்டும். பிடிபட்டவனின் சொத்திலிருந்து முதலில் மாட்டுக்காரனுக்கு மாட்டின் விலை, மிச்சத்தில் பாதி ஹண்ட்ரட்டுக்கு, பாதி பிரபுவுக்கு.

துரத்த வராதவனுக்குத் தண்டம் உண்டு. முதல் தடவை 30 பென்ஸ். இரண்டாம் தடவை 60. மூன்றாவது முறை அரை பவுண்டு, அதாவது 120 பென்ஸ். நான்காம் முறையும் வராவிட்டால் உள்ளது எல்லாம் போய், சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே தள்ளப்படுவான். ஊர் துரத்தும்போது வீட்டில் உட்கார்ந்திருப்பது அவ்வளவு பெரிய குற்றம்.

எனக்கு மிகவும் பிடித்த விதி இன்னொன்று. மாட்டின் கழுத்து மணி, நாயின் கழுத்துப்பட்டை, ஊதும் கொம்பு ஆகிய மூன்றும் தலைக்கு ஒரு ஷில்லிங் மதிப்பு என்றும், ஒவ்வொன்றையும் தகவல் சொல்லும் ஆளாகவே கணக்கில் எடுக்க வேண்டும் என்றும் அந்த ஆணை சொல்கிறது. இருட்டில் மாடு போகும் திசையை மணி காட்டிக்கொடுக்கும். நாய் மோப்பம் பிடிக்கும். கொம்பு ஊதினால் பக்கத்து ஊர் விழிக்கும். போலீஸ் என்று தனியாக ஒரு துறை இல்லாத உலகத்தில் பாதுகாப்பு இந்த மூன்றாலும், சத்தம் கேட்டு எழுந்து ஓடிவரும் கால்களாலும் ஆனது. சட்டம் எழுதியவருக்கு மாட்டுத்தொழுவ வாழ்க்கை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

மாடு வாங்குவது விற்பதற்கும் விதி உண்டு. எட்கரின் இன்னொரு சட்டம் ஒவ்வொரு ஹண்ட்ரட்டிலும் 12 சாட்சிகளை நியமிக்கச் சொல்கிறது. அவர்களில் சிலர் முன்னிலையில்தான் விற்பனை நடக்க வேண்டும். பின்னாளில் “இது திருட்டு மாடு” என்று யாராவது கை வைத்தால், சாட்சியைக் காட்டினால் தப்பலாம். பத்திரம், முத்திரைத்தாள் எதுவும் இல்லாமல் பழகிய முகங்களின் ஞாபகத்தையே பதிவேடாக வைத்துக்கொண்டார்கள்.

1066-க்குப் பிறகு

பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகும் ஹண்ட்ரட்டைக் கலைக்கவில்லை. அவர்களுக்கு அது அவ்வளவு பயன்பட்டது. டூம்ஸ்டே கணக்கெடுப்பையே ஹண்ட்ரட் வழியாகத்தான் நடத்தினார்கள். ஈலி மடத்தின் ஆவணம் ஒன்று விசாரணை நடந்த முறையை விவரிக்கிறது. ஷெரிஃப் (கவுண்டியில் அரசரின் அதிகாரி), பிரபுக்கள், ஹண்ட்ரட்டின் எல்லா மக்கள், ஒவ்வொரு ஊரிலிருந்தும் பாதிரியார், ஊர்க் காரியக்காரர், குடியானவர்கள் 6 பேர் என்று இத்தனை பேரின் சத்தியத்தின்மேல் பதில் வாங்கினார்கள். இந்த நிலத்தின் பெயர் என்ன? நார்மன்களுக்கு முன்பு ஆண்ட எட்வர்ட் மன்னன் காலத்தில் யார் வைத்திருந்தார்? இப்போது யார்? எத்தனை ஹைடு? எத்தனை ஏர்? எத்தனை ஆலை? டெஸ்பரோ ஹண்ட்ரட்டில் விக்கம் ஊருக்கு 6 நீராலைகள் என்று டூம்ஸ்டே சொல்வது அப்படி யாரோ உள்ளூர்க்காரர் வாயால் சொன்ன பதில்தான். அந்தச் சின்ன ஆற்றில் ஆலைகள் ஓடியது எண்ணூறு ஆண்டுகள் கழித்தும் நிற்கவில்லை. அது பின்னால் வரும்.

ஆனால் கூட்டத்தின் தன்மை மாறத் தொடங்கிவிட்டது. ஒரு நார்மன் கொலையுண்டு கிடந்து, கொன்றவனைப் பிடித்துக் கொடுக்க முடியாவிட்டால், சடலம் கிடந்த ஹண்ட்ரட் முழுவதும் தண்டம் கட்ட வேண்டும் என்று விதி வந்தது. செத்தவன் ஆங்கிலேயன் என்று உறவினரை வைத்து நிரூபித்தால் தண்டம் இல்லை. இரண்டு இனமும் மணவுறவில் கலந்து, யார் நார்மன் யார் ஆங்கிலேயன் என்று பிரிக்கவே முடியாமல் போன பிறகும் இந்தத் தண்டம் தொடர்ந்தது. 1340-இல்தான் ஒழித்தார்கள். பழைய கூட்டுப் பொறுப்பு, திருடனைச் சேர்ந்து பிடித்தால் எல்லோருக்கும் நல்லது என்ற எண்ணத்தில் பிறந்தது. இது வெற்றிகொண்டவன் தோற்றவன்மேல் சுமத்திய பிணை. பெயர் ஒன்றுதான், பொருள் வேறு.

1166-இல் இரண்டாம் ஹென்றியின் கிளாரண்டன் ஆணை, ஒவ்வொரு ஹண்ட்ரட்டிலும் 12 பேரும், ஒவ்வொரு ஊரிலிருந்தும் 4 பேரும் சத்தியம் செய்து, கொள்ளைக்காரன், கொலைகாரன், திருடன் என்று சந்தேகப்படும் ஆட்களின் பெயரைச் சொல்ல வேண்டும் என்றது. பின்னாளில் வந்த குற்றம்சாட்டும் ஜூரியின் வேர் இங்கே இருக்கிறது. உள்ளூர் அறிவுக்குக் கிடைத்த மரியாதை என்று இதைச் சொல்லலாம். அதே சமயம் தீர்ப்புச் சொல்லும் இடம் மேட்டிலிருந்து அரசனின் நீதிபதிகளிடம் போய்விட்டது. ஹண்ட்ரட்டின் வேலை தகவல் தருவதாகச் சுருங்கியது.

12 வயது தாண்டிய ஆண்களைப் பத்துப் பேர் கொண்ட குழுக்களாகச் சேர்த்து, ஒருவன் செய்த தப்புக்கு மற்ற ஒன்பது பேரையும் பொறுப்பாக்கும் ஏற்பாடும் இருந்தது. யார் யார் குழுவில் இருக்கிறார்கள் என்று சரிபார்க்க ஷெரிஃப் வருவார். வந்தால் காசு கேட்பார். 1217-இல் மாக்னா கார்ட்டா என்ற உரிமைப் பட்டயத்தை மறுபடி வெளியிட்டபோது, ஷெரிஃப் இப்படி ஹண்ட்ரட்களைச் சுற்றுவது ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் கூடாது என்று எழுத வேண்டியிருந்தது. 1234-இல் சாதாரண ஹண்ட்ரட் கூட்டம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று வரையறுத்தார்கள். அதற்கு முன்பு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உழவு நேரத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் போய் நிற்பது சாமானிய காரியமா? வருவது உரிமையாக இருந்த காலம் போய், வராமல் இருப்பதற்குப் பணம் கட்டும் காலம் வந்தது. குறிப்பிட்ட நிலத்தை வைத்திருப்பவன்தான் வர வேண்டும் என்று கடமை நிலத்தோடு ஒட்டிக்கொண்டது.

விற்கப்பட்ட கூட்டங்கள், மூன்று மூன்றாகச் சேர்ந்தவை

ஹண்ட்ரட் கூட்டத்தின் தண்டத்தொகை யாருக்குப் போகிறதோ அவருக்கு அது வருமானம். அரசர்கள் அதைப் பிரபுக்களுக்கும் மடங்களுக்கும் கொடுத்தார்கள், குத்தகைக்கும் விட்டார்கள். 13-ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் இங்கிலாந்தின் ஹண்ட்ரட்களில் பாதிக்கு மேல் தனியார் கையில் இருந்தன. சிலுவைப் போரிலிருந்து 1274-இல் திரும்பிய முதலாம் எட்வர்ட், யார் எந்த உரிமையில் இதையெல்லாம் அனுபவிக்கிறார்கள் என்று ஹண்ட்ரட் ஹண்ட்ரட்டாக விசாரிக்க ஆள் அனுப்பினார். 1279-80-இல் இன்னும் விரிவாக ஒரு விசாரணை. அந்த இரண்டாம் விசாரணையின் பதிவுகள் சில கவுண்டிகளுக்குத்தான் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் பக்கிங்ஹாம்ஷயரும் ஒன்று. ‘ஹண்ட்ரட் சுருள்கள்’ என்று வரலாற்று மாணவர்கள் சொல்வது இவற்றைத்தான். அதிகாரிகள்மேல் மக்கள் சொன்ன புகார்கள் சாதாரணக் குடியானவனின் குரலுக்கு மிக அருகில் நம்மைக் கொண்டுபோகின்றன.

இதற்குள் பக்கிங்ஹாம்ஷயரில் ஒரு தனித்தன்மையான மாற்றம் நடந்துகொண்டிருந்தது. 18 ஹண்ட்ரட்களும் மூன்று மூன்றாகச் சேர்ந்தன. செக்லோ, பன்ஸ்டி, மவுல்ஸோ மூன்றும் நியூபோர்ட் ஆயின. ஸ்டோட்ஃபோல்ட், ரோலி, லமுவா மூன்றும் பக்கிங்ஹாம். காட்ஸ்லோவோடு யார்ட்லியும் மர்ஸ்லியும் போயின. ஆஷெண்டனோடு இக்ஸ்ஹில்லும் வாட்ஸ்டனும், ஏல்ஸ்பரியோடு ஸ்டோனும் ரிஸ்பரோவும். தெற்கே மிச்சம் இருந்த ஸ்டோக், பர்னம், டெஸ்பரோ மூன்றும் கூட்டாக ‘சில்டர்ன் ஹண்ட்ரட்கள்’ என்று பேர் வாங்கினாலும் தங்கள் தனிப்பெயரை விடவில்லை. ஆகக் கவுண்டியில் 8 பெயர்கள்.

ஏன் மூன்று மூன்றாக? நிர்வாகச் சிக்கனம் ஒரு காரணம். ஒரே அதிகாரி மூன்றையும் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் எண் மூன்றாகவே விழுந்ததற்குப் பழைய காரணம் ஒன்றையும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 1008-இல் டேனியப் படையெடுப்புக்குப் பயந்து எத்தெல்ரெட் மன்னன் நாடு முழுவதும் கப்பல் கட்டச் சொன்னார். ஏறத்தாழ 300 ஹைடு நிலத்துக்கு ஒரு கப்பல் என்பது கணக்கு. 300 ஹைடு என்றால் மூன்று ஹண்ட்ரட். கடலையே பார்க்காத கவுண்டியும் மரமும் காசும் ஆளும் தந்தாக வேண்டும். மூன்று ஹண்ட்ரட்டைச் சேர்த்துப் பார்க்கும் பழக்கத்துக்கு இந்தக் கப்பல் கணக்கும் ஒரு தொடக்கமாக இருந்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம். எனக்கு இது ஏற்புடையதாகத்தான் படுகிறது. வரி வாங்கப் போட்ட கோடு, வரி மறைந்த பின்னும் அழியாமல் நிற்பது எல்லா நிர்வாக வரலாற்றிலும் நடப்பதுதான். இந்தக் கப்பல் கணக்கு 600 ஆண்டு கழித்து இதே கவுண்டிக்குத் திரும்பி வந்ததையும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

லண்டன் சாலையும் கொள்ளையும்

1285-இல் வந்த வின்செஸ்டர் சட்டத்தைச் சில்டர்ன் மலைக்காரர்கள் கவலையோடு கேட்டிருப்பார்கள். ஓர் இடத்தில் கொள்ளை நடந்தால் 40 நாளுக்குள் கொள்ளையரைப் பிடித்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அந்த ஹண்ட்ரட்டே நஷ்டத்தை ஈடு கட்ட வேண்டும் என்றது சட்டம். சந்தை ஊர்களுக்கு இடையே செல்லும் பெருவழியின் இரண்டு பக்கமும் 200 அடிக்கு, ஆள் ஒளிந்துகொள்ளக்கூடிய புதர், பள்ளம் எதுவும் இருக்கக் கூடாது. பெரிய மரங்களை மட்டும் விட்டுவைக்கலாம்.

இப்போது வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். லண்டனிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போகும் பழைய சாலை பக்கிங்ஹாம்ஷயருக்குள் நுழையும் இடம் டென்ஹம், அது ஸ்டோக் ஹண்ட்ரட். அடுத்து பீக்கன்ஸ்ஃபீல்ட், அது பர்னம். அதற்கடுத்து ஹை விக்கம், அது டெஸ்பரோ. மூன்று ஹண்ட்ரட்டையும் ஒரே சாலை ஊடுருவிப் போகிறது. வழியெல்லாம் சுண்ணாம்புக் குன்றுகள், பள்ளத்தாக்குகள், பீச் மரக் காடுகள். பணக்காரப் பயணிகள் போகும் சாலையும் ஒளிந்துகொள்ள வசதியான காடும் ஒரே இடத்தில் அமைந்துவிட்டன. கொள்ளையடித்தவன் எந்த ஊர்க்காரனோ, கொள்ளை போனவன் எந்த ஊர்க்காரனோ, நஷ்டத்தைக் கட்டுவது பாவம் பர்னத்து விவசாயி. 1585-இல் எலிசபெத் காலத்துச் சட்டம் ஒன்று கொஞ்சம் நியாயம் செய்தது. கூக்குரல் கேட்டும் துரத்த வராத பக்கத்து ஹண்ட்ரட் பாதித் தொகையைக் கட்ட வேண்டும் என்றது.

சில்டர்ன் காடுகளின் கொள்ளையரை அடக்கத்தான் அரசர் அங்கே ஒரு காரியதரிசியை நியமித்தார் என்ற கதையைப் பலரும் சொல்வார்கள். காடு ஆபத்தானது என்பதில் சந்தேகமில்லை. செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தின் தலைவர் லியோஃப்ஸ்டான், பயணிகள் பாதுகாப்பாகப் போவதற்காகச் சில்டர்னை ஒட்டி அடர்ந்திருந்த மரங்களை வெட்டச் செய்தார் என்று அந்த மடத்தின் வரலாறே சொல்கிறது. ஆனால் காரியதரிசியின் அன்றாட வேலை வாளேந்தித் திருடனைத் துரத்துவது அல்ல. சில்டர்ன் ஹண்ட்ரட்கள் அரசர் வசம் இருந்தவை. அரசருக்காக அங்கே கூட்டம் நடத்தி, தண்டம் வசூலித்து, கணக்குக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். ஹண்ட்ரட் தோறும் இப்படி ஆட்கள் இருந்தார்கள். கொள்ளையர் கதை கேட்கச் சுவையாக இருக்கிறது, ஆனால் அந்தப் பதவியின் அடிப்படை வசூல்தான்.

கூட்டம் கரைகிறது

1361 முதல் ‘அமைதி நீதிபதிகள்’ என்ற உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் கையில் அதிகாரம் குவிந்தது. அவர்கள் ஆண்டுக்கு 4 முறை கவுண்டி அளவில் கூடினார்கள். 1461-இல், ஷெரிஃப் ஹண்ட்ரட்களைச் சுற்றும்போது வரும் குற்றச்சாட்டுகளையும் அவர்களிடமே அனுப்ப வேண்டும் என்று சட்டம் வந்தது. ஹண்ட்ரட் கூட்டத்துக்கு மிஞ்சியது 40 ஷில்லிங்குக்கு உட்பட்ட சில்லறைக் கடன் வழக்குகள். அதற்கும் ஆட்கள் வருவது குறைந்துகொண்டே போனது.

வசூல் மட்டும் குறையவில்லை. 1635-இல் முதலாம் சார்லஸ், கடலோரக் கவுண்டிகளுக்கு மட்டும் வழக்கமாக இருந்த கப்பல் பணத்தை உள்நாட்டுக் கவுண்டிகளிடமும் கேட்டார். பக்கிங்ஹாம்ஷயருக்கு 450 டன் கப்பல் ஒன்று, அல்லது 4,500 பவுண்டு. எத்தெல்ரெட்டின் கப்பல் திரும்பி வந்துவிட்டது. ஷெரிஃப் தொகையை ஹண்ட்ரட்களுக்குப் பிரித்தார். அங்கிருந்து ஊர்களுக்குப் போனது, ஊரில் கான்ஸ்டபிள் வீடு வீடாகக் கேட்டார். ஏல்ஸ்பரி ஹண்ட்ரட்டைச் சேர்ந்த கிரேட் கிம்பிள் ஊரில் ‘கட்ட மாட்டோம்’ என்று சொன்னவர்களின் பட்டியல் 1636 ஜனவரியில் போனது. முதல் பெயர் அந்தக் கவுண்டியின் நிலக்கிழார் ஜான் ஹாம்ப்டன். அந்தப் பட்டியலைத் தயாரித்து அனுப்ப வேண்டிய கான்ஸ்டபிள்களும் மதிப்பீட்டாளர்களும்கூட மறுத்தவர்களின் வரிசையில்தான் இருந்தார்கள். வசூலிக்க வந்தவனே கட்ட மறுத்தான்! ஹண்ட்ரட்டின் கூட்டம் செத்துவிட்டது என்று நினைத்த நேரத்தில், பழைய கூட்டத்தின் மூச்சு ஒரு கணம் திரும்பியதுபோல எனக்கு இது தோன்றுகிறது.

ஹாம்ப்டன்மேல் வழக்குப் போட்டது ஸ்டோக் மாண்டவில் ஊர் நிலத்துக்கு விதித்த 20 ஷில்லிங்குக்காக. 1638-இல் 12 நீதிபதிகளில் 7 பேர் அரசர் பக்கம், 5 பேர் ஹாம்ப்டன் பக்கம். அரசர் வென்றார். ஆனால் ஐந்து பேர் எதிர்த்தார்கள் என்ற செய்திதான் நாடெங்கும் பரவியது. நான்கே ஆண்டுகளில் அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர் வந்தது.

பொறுப்பின் கதை இன்னும் நீண்டது. 1714-இன் கலவரச் சட்டம், கலகக் கும்பல் கட்டடத்தை இடித்தால் ஹண்ட்ரட் ஈடு கட்ட வேண்டும் என்றது. 1827-இல் வின்செஸ்டர் சட்டம் நீங்கி, கொள்ளைக்கான பொறுப்பு போனது. கலவரச் சேதத்துக்கான பொறுப்பு தொடர்ந்தது, இயந்திரங்களும் அதில் சேர்ந்தன. மூன்று ஆண்டுதான் ஆகியிருக்கும். 1830 நவம்பரில், டூம்ஸ்டேயில் 6 ஆலைகள் இருந்த அதே விக்கம் பள்ளத்தாக்கில், காகித ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் வேலையைப் பறித்த புது இயந்திரங்களை அடித்து நொறுக்கினார்கள். ஆலைக்காரருக்கு இழப்பீடு தரும் சட்டக் கடமை யார்மேல் விழுந்தது? டெஸ்பரோ ஹண்ட்ரட்மேல். அந்தப் பகுதி மக்கள் ஒன்றாகக் கூடி எதையாவது தீர்மானித்துப் பல தலைமுறை ஆகியிருந்தது. ஆனாலும் சேர்ந்து பணம் கட்டுவதற்கு மட்டும் அவர்கள் இன்னும் ஒரு ஹண்ட்ரட். உடைத்தவனும் அந்தப் பகுதிக்காரன், பசியில் கிடந்தவன். கட்ட வேண்டியவனும் அதே பகுதிக்காரன். இதை எத்தனை தடவை யோசித்தாலும் மனசு ஒப்பவில்லை.

1867-இல் ஹண்ட்ரட் நீதிமன்றங்களின் மிச்ச வழக்குகளும் புதிய கவுண்டி நீதிமன்றங்களுக்குப் போயின. கலவர இழப்பீடு 1886-இல் போலீஸ் வரிக் கணக்குக்கு மாறியது. 1894-இல் நகர, ஊரக மாவட்டங்கள் என்று புதிய அமைப்பு வந்தது. இந்த வரிசையில் எங்கேயும் ‘ஹண்ட்ரட்களை இத்துடன் ஒழிக்கிறோம்’ என்று ஒரு சட்டம் கிடையாது. ஒவ்வொரு வேலையாக எடுத்துக்கொண்டு போனார்கள், கடைசியில் பெயர் மட்டும் இருந்தது.

ஒரு பதவி மட்டும்

பிரிட்டிஷ் பாராளுமன்ற உறுப்பினர் தன் இடத்தை ராஜினாமா செய்ய முடியாது. 1624-இல் பாராளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபை எடுத்த முடிவு அது. ஆனால் அரசரிடம் ஆதாயம் தரும் பதவி வாங்கினால் இடம் காலியாகும் என்று 1707-இன் சட்டம் சொன்னது. அரசர் பதவி கொடுத்து உறுப்பினர்களை வளைத்துவிடக் கூடாது என்பது அதன் நோக்கம். 1751 ஜனவரியில் வேர்ஹம் தொகுதியின் ஜான் பிட், டார்செஸ்டரில் போட்டியிட விரும்பினார். வெளியேற வழி வேண்டும். வேலை ஏதும் இல்லாத, ஆனால் சட்டப்படி அரசரின் பதவியாக இருக்கும் ஒன்றைத் தேடினார்கள். சில்டர்ன் ஹண்ட்ரட்களின் காரியதரிசி பதவி கிடைத்தது. அவருக்குக் கொடுத்தார்கள், வேர்ஹம் இடம் காலியானது.

அன்றிலிருந்து இதுவே வழக்கம். நிதியமைச்சர் நியமிப்பார். 1842-இல் ரெடிங் தொகுதியின் செல்சி பிரபுவுக்கு மறுத்தார்கள். அதன் பிறகு கேட்டவர் யாருக்கும் மறுத்ததில்லை. 1844 முதல் யார்க்ஷயரின் நார்த்ஸ்டெட் பண்ணைப் பதவியும் கூடச் சேர்ந்தது. இரண்டு பதவி இருப்பதால் ஒன்று மாற்றி ஒன்றாக, ஒரே நாளில் இருவரைக்கூட அனுப்பலாம். 2007 ஜூனில் பிரதமர் பதவியை விட்ட டோனி பிளேர் இந்தச் சில்டர்ன் பதவியை வாங்கித்தான் சபையிலிருந்து போனார். 2011-இல் அயர்லாந்துத் தேசியவாதி ஜெரி ஆடம்ஸ், அரசரின் பதவி எதையும் கேட்காமல் சபாநாயகருக்கு விலகல் கடிதம் மட்டும் எழுதினார். அதையே விண்ணப்பமாக எடுத்துக்கொண்டு நார்த்ஸ்டெட் பதவியை அவர் பேரில் போட்டுவிட்டார்கள். தான் அதை ஏற்கவே இல்லை என்றார் அவர்.

1975-இன் தகுதியிழப்புச் சட்டம் எந்தெந்தப் பதவி உறுப்பினரைத் தகுதியிழக்கச் செய்யும் என்று மறுபடி வகுத்தபோது, இந்த இரண்டையும் பெயர் சொல்லிக் காப்பாற்றி வைத்தது. அதற்கு ஓராண்டு முன்பு, 1974-இல், கவுண்டி எல்லைகளை மாற்றியபோது ஸ்டோக் ஹண்ட்ரட்டில் இருந்த ஸ்லவ்வும் ஈட்டனும் பெர்க்ஷயருக்குப் போய்விட்டன. இன்று பழைய மூன்று ஹண்ட்ரட்களின் நிலம் முழுவதும் பக்கிங்ஹாம்ஷயருக்குள்கூட இல்லை. ஆனாலும் ஓர் உறுப்பினர் இந்தப் பதவி வழியாக விலகும்போது வெளியாகும் அறிவிப்பில் ‘சில்டர்னின் மூன்று ஹண்ட்ரட்கள்’ என்ற பெயர் வருகிறது. அந்தப் பதவியில் இருப்பவர், அடுத்தவர் பெயர் அறிவிக்கப்படும் வரை அதில் இருக்கிறார். இடையில் அவர் யாரையும் கூட்டத்துக்கு அழைக்க வேண்டியதில்லை, வராதவனிடம் 30 பென்ஸ் கேட்க வேண்டியதும் இல்லை.